மறுக்க முடிந்தவளின் சம்மதம்



உறவுமுறை, திருமணம், பெண்ணின் உரிமை ஆகியவை பற்றிப் பேசுமாறு, புனேயில் இந்த மாலையை நடத்தும் அறக்கட்டளையினர் என்னைப் பணித்தார்கள். அவற்றுள் நாம் மேடையில் பேசாத, வீட்டில் மட்டும் அடங்கிய குரலில் பேசுகிற ஒன்றை எடுத்துக்கொண்டேன். வீட்டில் ஒருவர் இறந்துபோகிறார். அவருடைய மனைவிக்கும் தம்பிக்கும் இடையே, அல்லது அவருடைய கணவனுக்கும் தங்கைக்கும் இடையே, காலப்போக்கில் காதல் பிறக்கிறது. இதை நாம் எப்படிப் பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நான் வந்து சேர்ந்த விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இருவரும் என்ன முறை என்பது முதல் கேள்வி அல்ல. அந்தப் பெண்ணால் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்க முடியுமா என்பதே முதல் கேள்வி. மறுக்க முடிந்தவள் சொல்லும் சம்மதம்தான் சம்மதம். அது இருக்குமானால், அந்தக் காதலைக் கண்டு நாம் கூசவேண்டியதில்லை.

துக்க வீட்டில் பிறக்கும் அன்பு

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் ஊருக்குப் போன பிறகுதான் சாவு வீட்டின் உண்மையான வேலைகள் தொடங்குகின்றன. இறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். வங்கிக்கு ஒரு நகல், எல்ஐசிக்கு ஒரு நகல், அலுவலகத்துக்கு ஒரு நகல். வாரிசுச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், ஸ்கூட்டரின் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றம். ஒவ்வொரு கவுண்டரிலும் அந்தப் பெண் ‘கணவர் பெயர்’ என்ற கட்டத்துக்கு எதிரே ‘லேட்’ என்று எழுதியாக வேண்டும். அவளோடு வரிசையில் நிற்பவன் பெரும்பாலும் கொழுந்தன்தான். வேறு யாருக்கும் விடுப்பு கிடைப்பதில்லை.

பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதியை நினைவு வைத்திருப்பவன் அவன். இறந்தவர் எப்படிச் சிரிப்பார், காப்பியில் எவ்வளவு சர்க்கரை போடுவார், எந்தப் பாட்டை ராகம் மாற்றிப் பாடுவார் என்று அவளோடு பேசக்கூடிய ஆளும் அவன்தான். வெளியாட்களுக்கு ஆறு மாதத்தில் அந்தப் பேச்சு அலுத்துவிடும். இந்த இருவருக்கு அலுப்பதில்லை, இழந்தது ஒரே ஆளை என்பதால். இப்படிப் பேசிப் பேசி ஒருநாள் பேச்சு இறந்தவரை விட்டு நகர்ந்து, அவர்கள் இருவரைப் பற்றியதாகிவிடுகிறது. மனைவியை இழந்தவனுக்கும் அவள் தங்கைக்கும் நடப்பதும் இதுவே. தாயில்லாப் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பும் சித்தி, அந்தப் பிள்ளையின் காய்ச்சலுக்குக் கண்விழித்த இரவுகளில் அத்தானைப் புதிதாகப் பார்க்கிறாள்.

இதில் துரோகம் எங்கே இருக்கிறது? இறந்தவரை மறந்ததால் இந்த அன்பு வரவில்லை, மறக்க முடியாததால் வந்தது. ஆனால் இதே நெருக்கத்தில் ஆபத்தும் உண்டு. தனக்குச் சோறு போடுகிற, தன் பிள்ளைக்குக் கட்டணம் கட்டுகிற ஆணிடம் ஒரு பெண் ‘சரி’ என்று சொன்னால், அந்தச் ‘சரி’யில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு நிர்ப்பந்தம் என்பதை அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாமல் போகலாம். சட்டமும் புராணமும் ஊர்வழக்கமும் இந்த இடத்தில் என்ன செய்திருக்கின்றன என்று பார்ப்போம்.

சட்டம் சொல்வது

நம்மில் பலர் அறியாத ஒரு செய்தி. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி, சகோதரனின் மனைவியாக இருந்தவரை மணப்பது விலக்கப்பட்ட உறவு. அண்ணன் இறந்திருந்தாலும் விலக்கு விலக்குதான். இருவரது சமூகத்திலும் நெடுங்கால வழக்கம் அதை அனுமதிக்கிறது என்று நிறுவ முடிந்தால் மட்டுமே அந்தத் திருமணம் செல்லும். இல்லையென்றால் அது தொடக்கத்திலிருந்தே செல்லாத திருமணம். இறந்த மனைவியின் தங்கையை மணப்பதற்கோ எந்தத் தடையும் இல்லை.

1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் தந்தையின் விதவை இருக்கிறார், மகனின் விதவை இருக்கிறார், சகோதரனின் விதவை இல்லை. ஆகவே, பதிவாளரிடம் 30 நாள் அறிவிப்புக் கொடுத்து அச்சட்டத்தின் கீழ் அவர்கள் மணந்துகொள்ளலாம். அதே பட்டியலில் மாமன் மகளும் அத்தை மகளும் விலக்கப்பட்டவர்கள். வழக்கம் இருந்தால் விதிவிலக்கு உண்டு என்ற திருத்தம் 1963இல்தான் வந்தது. நாம் முறைப்பெண் என்று உரிமை கொண்டாடும் உறவை ஒரு சட்டம் விலக்குகிறது, நாம் நினைக்கவே கூசும் உறவை அதே சட்டம் அனுமதிக்கிறது. ‘முறை’ என்பது இயற்கை வகுத்த கோடு என்று நம்புகிறவர்கள் இந்த இரு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். துணிந்து மணக்கும் இருவர் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு திரும்பிவிடாமல், எந்தச் சட்டத்தின் கீழ் தங்கள் திருமணம் நிற்கும் என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

இங்கிலாந்திலும் இந்தக் கோடு இடம் மாறியிருக்கிறது. எட்டாம் ஹென்றி 1509இல் மணந்த கேத்தரின், 1502இல் இறந்துபோன அவருடைய அண்ணன் ஆர்தரின் மனைவி. போப்பின் விலக்கு பெற்று நடந்த திருமணம் அது. பிறகு அவளை விலக்க நினைத்தபோது, சகோதரனின் மனைவியைக் கொள்வது பாவம் என்று அதே அரசர் வேதத்தைக் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இறந்த மனைவியின் சகோதரியை மணப்பது அங்கே செல்லாது. ஓவியர் வில்லியம் ஹோல்மன் ஹன்ட் தம் மறைந்த மனைவியின் தங்கை ஈடித்தை மணக்க 1875இல் சுவிட்சர்லாந்து போக வேண்டியிருந்தது. 1907இல்தான் அந்தத் தடை நீங்கியது. சகோதரனின் விதவையை மணக்க 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் உலகப்போர் முடிந்து, வீட்டுக்கு வீடு இளம் விதவைகள் இருந்த காலம் அது.

அம்பிகையை யார் கேட்டார்கள்?

இந்தப் புனே நகரத்தின் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில்தான், 1919இல் தொடங்கி 1966இல் முடிந்த மகாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பு உருவானது. அதன் ஆதிபருவத்தில் நம் பொருளுக்கு நேரே வரும் காட்சி ஒன்று உண்டு.

விசித்திரவீரியன் பிள்ளையில்லாமல் இறந்துவிட்டான். இளம் விதவைகள் இருவர், அம்பிகை, அம்பாலிகை. குலம் தழைக்க வேண்டும் என்று மாமியார் சத்தியவதி முடிவு செய்கிறாள். ‘இன்றிரவு உன் கணவனின் சகோதரன் வருவான், காத்திரு’ என்று அம்பிகையிடம் சொல்கிறாள். எந்தச் சகோதரன் என்று சொல்லவில்லை. விளக்கெரியும் அறையில் அம்பிகை பீஷ்மரையும் குருவம்சத்தின் மற்றவர்களையும் எண்ணியபடி படுத்திருக்கிறாள். வந்தவர் சடைமுடியும் செந்தாடியுமாக வியாசர். அவள் கண்களை மூடிக்கொள்கிறாள். அம்பாலிகை வெளிறிப்போகிறாள். இன்னொரு முறை அம்பிகையையே போகச் சொன்னபோது, அவள் தன் நகைகளைப் பூட்டித் தன் பணிப்பெண்ணை அனுப்பிவைக்கிறாள். வாயால் மறுக்க முடியாத அரசிக்கு இருந்த ஒரே வழி, தன்னைவிட மறுக்க முடியாத ஒருத்தியைத் தன் இடத்தில் நிறுத்துவது.

இந்த ஏற்பாட்டுக்கு நியோகம் என்று பெயர். இதற்கு மனு வகுத்த விதிகளைப் பாருங்கள். உடலில் நெய் பூசிக்கொள்ள வேண்டும். பேசக்கூடாது. ஆசை கூடாது. காரியம் முடிந்தபின் இருவரும் மாமனாரும் மருமகளும் போல நடந்துகொள்ள வேண்டும். மைத்துனனோடு கூடுவதை இந்த விதிகள் தடுக்கவில்லை, அவனை விரும்புவதைத்தான் தடுத்தன. குலத்துக்குத் தேவையென்றால் உறவுக் கோட்டைத் தாண்டலாம், அவளுடைய மனத்துக்குத் தேவையென்றால் தாண்டக்கூடாது. நம் குடும்பங்களில் இந்த மனநிலை இன்னும் சாகவில்லை. பெரியவர்கள் கூடி ‘தம்பிக்கே கட்டி வைத்துவிடலாம், சொத்து வெளியே போகாது’ என்று முடிவெடுத்தால் அது பெருந்தன்மை. அந்த இருவரே வந்து ‘நாங்கள் விரும்புகிறோம்’ என்று சொன்னால் அது மானக்கேடு.

இராமாயணத்தில் வாலி இறந்தபின் தாரையின் நிலையை எண்ணிப் பாருங்கள். வான்மீகத்தில் அவள் சுக்ரீவனோடு வாழ்கிறாள். நம் கம்பர் அதை ஏற்கவில்லை. சினந்து வந்த இலக்குவன் முன்னே அவளை மங்கல அணிகள் துறந்த கைம்பெண்ணாக நிறுத்துகிறார். அந்தக் கோலத்தில் இலக்குவன் தன் தாயரைக் காண்கிறான். கம்பரின் மேன்மைக்கு எடுத்துக்காட்டாக நாம் கொண்டாடும் இடம் அது, கொண்டாடத்தக்கதும்கூட. ஆனாலும் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. ஒரு காவியம் அவளை மைத்துனனிடம் சேர்த்தது, இன்னொன்று கைம்மையில் வைத்தது. வாலியைப் போருக்குப் போகாதே என்று தடுத்த, அரசியல் அறிந்த அந்த அறிவாளிப் பெண் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லியிருந்தால், அது எதுவாக இருந்திருக்கும்?

நிலமும் படிப்பணமும்

வட இந்தியாவில் பல சமூகங்களில் அண்ணனின் விதவையைத் தம்பி மணப்பது வழக்கம். அரியானா, பஞ்சாப் பகுதிகளில் அவள்மேல் ஒரு சாதரைப் போர்த்தினால் திருமணம் முடிந்தது. விதவை வெளியே மணந்தால் நிலத்தில் அவள் பங்கும் வெளியே போகும் என்ற கவலை இந்த வழக்கத்தின் பின்னால் இருந்ததை ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ராஜிந்தர் சிங் பேடி ‘ஏக் சாதர் மைலீ ஸீ’ என்ற உருது நாவலில் இதைத்தான் எழுதினார். தான் பிள்ளைபோல வளர்த்த கொழுந்தனையே மணக்க வைக்கப்படும் ஒருத்தியின் கதை. 1965இல் அதற்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

இது ஏதோ கிராமத்து வழக்கம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். தென் மண்டல ராணுவத் தலைமையகம் இருக்கும் நகரம் இது. கட்கியிலும் கன்டோன்மென்ட் பகுதியிலும் தலைமுறைகளாகப் படைக் குடும்பங்கள் வாழ்கின்றன, தமிழ்க் குடும்பங்களும் அவற்றுள் உண்டு. வீரதீர விருது பெற்ற படைவீரர் இறந்தால், விருதுக்குரிய பணப்படி அவர் மனைவிக்குப் போகும். அவள் மறுமணம் செய்தால் அது நின்றுவிடும். இறந்தவரின் சகோதரனை மணந்தால் மட்டும் தொடரும். இப்படி ஒரு விதி நம் பாதுகாப்பு அமைச்சகத்தில் 2017 நவம்பர் வரை இருந்தது. அந்த மாதம்தான், யாரை மணந்தாலும் படி தொடரும் என்று ஆணை வந்தது.

அந்த விதி இருந்த காலத்தில் கொழுந்தனை மனமார விரும்பி மணந்த பெண்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அவள் காதலுக்காக மணந்தாளா, படிக்காகவா என்ற சந்தேகத்தை அந்த விதியே அவள்மேல் ஏற்றிவைத்தது. நிபந்தனை நீங்கிய பிறகு கொழுந்தனை மணக்கிறவளை அப்படிச் சந்தேகிக்க யாருக்கும் இடமில்லை. வெளியே மணக்கும் உரிமை கிடைத்தபோதுதான் உள்ளே மணப்பதும் சுதந்திரமான செயலானது.

சொத்துரிமையும் இப்படித்தான் வளர்ந்தது. 1856ஆம் ஆண்டின் விதவை மறுமணச் சட்டம் மறுமணத்தை அனுமதித்தது. அதே கையால், மறுமணம் செய்பவள் முதல் கணவனின் சொத்தில் தன் பங்கை இழப்பாள் என்றும் விதித்தது. அந்தச் சட்டம் 1983இல் நீக்கப்பட்டது. கணவனிடமிருந்து வாரிசாக வந்த பங்கு அவளுக்கு முழுச் சொத்து, மறுமணத்தால் அது பறிபோகாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாகச் சொன்னது. கணவன் பங்கை இழக்காமல் வெளியேறவும் முடியும் என்று அறிந்த பெண்ணிடம்தான் குடும்பம் உண்மையில் சம்மதம் கேட்க முடியும்.

இரண்டு சகோதரிகள்

நம்மில் பலர் தினமும் கார்வே ரோட்டில் போய்வருகிறோம். அந்தப் பெயருக்குரிய தோண்டோ கேசவ் கார்வே ஃபெர்குசன் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1891இல் அவர் மனைவி ராதாபாய் இறந்தார். மறுபடி மணப்பதானால் ஒரு விதவையைத்தான் மணப்பது என்று முடிவு செய்தார். அந்த முடிவின் கனம் புரிய, நீதிபதி ரானடேயை நினைத்துக்கொள்ள வேண்டும். விதவை மறுமணத்துக்காக உழைத்த அவரே, 1873இல் தம் மனைவி இறந்தபோது தந்தையின் வற்புறுத்தலுக்கு இணங்கிப் பதினொரு வயதுச் சிறுமியை மணந்தார்.

கார்வே மணந்தது தம் நண்பர் நரஹர்பந்த் ஜோஷியின் சகோதரி கோதுபாயை. சிறுமியாகவே விதவையானவர். பண்டிதை ரமாபாயின் சாரதா சதனத்தில் தொடக்க கால மாணவியருள் ஒருவராகச் சேர்ந்து படித்தவர். 1893 மார்ச் 11ஆம் நாள் புனேயில் திருமணம் நடந்தது. கொங்கணக் கரையில் உள்ள கார்வேயின் சொந்த ஊரான முருடில் ஊர்க்கூட்டம் கூடி அவர்களை ஒதுக்கிவைத்தது. கோதுபாய் ஆனந்திபாய் ஆனார். பின்னாளில் எல்லோரும் அவரை பாயா கார்வே என்றே அழைத்தார்கள்.

இது உறவுக்குள் நடந்த திருமணம் அல்ல. ஆனால் இதன் தொடர்ச்சியில்தான் நம் பொருள் இருக்கிறது. பாயாவின் தங்கை பார்வதிபாய் ஆதவலேயும் இளம் வயதில் விதவையானவர். அவரும் கார்வேயின் பணியில் வந்து சேர்ந்தார். ஒரே தாய் வயிற்றுப் பெண்கள். ஒருத்தி மறுமணம் செய்தாள். மற்றவள் மறுமணம் வேண்டாம் என்று கடைசிவரை தனியே வாழ்ந்தாள். அந்தத் தனிமை முக்காட்டுக்குள் ஒடுங்கிய வாழ்க்கையாக இருக்கவில்லை. 1896இல் கார்வே தொடங்கி, 1900இல் ஹிங்கணேயில் ஒரு குடிசைக்கு மாறிய விதவையர் இல்லத்துக்காக அவர் ஊர் ஊராக நிதி திரட்டினார். ஆங்கிலம் கற்கவும் நிதி சேர்க்கவும் 1918இல் அமெரிக்கா போய், அங்கே வீட்டு வேலை செய்து பிழைத்தபடி படித்தார். 1928இல் தம் வாழ்க்கை வரலாற்றை மராத்தியில் எழுதினார். அக்காவும் 1944இல் தம் கதையை எழுதினார். விதவைகளைப் பற்றி ஆண்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இரு சகோதரிகளும் தாமே பேனா பிடித்தார்கள்.

ஹிங்கணேயின் சாதனை என்று நான் கருதுவது மறுமணங்களின் எண்ணிக்கையை அல்ல. விதவை இல்லம், மறுமணத்தை வற்புறுத்தும் இடமாக இருக்கவில்லை. படிப்பும் தொழிலும் தங்க ஒரு கூரையும் கொடுத்தது. மணப்பவள் மணக்கலாம், மணக்காதவள் ஆசிரியையாகவோ செவிலியாகவோ வாழலாம். அக்காவின் ‘சரி’க்கும் தங்கையின் ‘வேண்டாம்’ என்பதற்கும் ஒரே மதிப்பைக் கொடுத்தது அந்தக் கூரை. சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி ஐஸ் ஹவுஸில் நடத்திய இல்லமும் நம் தமிழ்ப் பெண்களுக்கு அதைத்தான் செய்தது.

அந்தக் கூரை இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கும் புனேயே சாட்சி. 1863இல் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் இங்கே ஒரு வீட்டைத் திறந்தார்கள். கருவுற்ற விதவைகள் வந்து பிள்ளை பெற்றுப் போகலாம், யாரும் பெயர் கேட்க மாட்டார்கள். அப்படி வந்தவர்களில் சொந்த வீட்டு ஆண்களாலேயே கெடுக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். அங்கே பிறந்த ஒரு குழந்தையைத்தான் அவர்கள் யஷ்வந்த் என்று பெயரிட்டுத் தத்தெடுத்து மருத்துவராக்கினார்கள். உறவுக்குள் அன்பைப் பேசுகிற யாரும் இந்த இருளை மறைத்துப் பேசக்கூடாது.

நாம் செய்யக்கூடியது

கார்வேயின் மருமகள் இராவதி கார்வே, டெக்கான் கல்லூரியில் இருந்து 1953இல் இந்திய உறவுமுறைகள் பற்றிய பெருநூலை எழுதினார். வடக்கில் மணக்கத் தகுந்த உறவு தெற்கில் தகாது, தெற்கில் தகுந்தது வடக்கில் தகாது என்பதை அதைப் படிப்பவர் எவரும் காணலாம். ஆகவே உறவின் பெயரைச் சொல்லி இருவரைக் குற்றவாளியாக்குவதை நாம் விட்டுவிட வேண்டும். அதற்கு மாறாக, நம் வீடுகளில் அப்படி ஒரு செய்தி எழும்போது சில கேள்விகளைக் கேட்போம்.

அந்தப் பெண்ணின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா? கணவனின் பங்கு அவள் பெயருக்கு மாறிவிட்டதா? அவளுக்கென்று ஒரு வருமானம் உண்டா? மறுத்தாலும் பிள்ளைகளோடு அதே வீட்டில் மரியாதையாக இருக்க முடியுமா? இவற்றுக்கு ஆம் என்று பதில் வந்த பிறகு, அவள் ‘ஆம்’ என்று சொன்னால் வாழ்த்துவோம். இல்லை என்று பதில் வந்தால், முதலில் அந்த இல்லையை ஆம் ஆக்குவோம். திருமணப் பேச்சு காத்திருக்கட்டும். உண்மையான அன்பு காத்திருக்கும்.

பிள்ளைகளிடம் ஒளிக்க வேண்டாம். சித்தப்பா அப்பாவாவதும் சித்தி அம்மாவாவதும் அவர்களுக்கு எளிதல்ல. ஊரார் வாயால் கேட்பதற்கு முன் பெற்றவள் வாயால் கேட்டால் அவர்கள் தாங்குவார்கள். ‘சித்தப்பா’ என்றே கூப்பிட விரும்பும் பிள்ளையை அப்படியே கூப்பிட விடுங்கள். இறந்தவரின் படத்தைச் சுவரிலிருந்து எடுக்கவும் வேண்டாம். அவர்மேல் வைத்த அன்பும் இந்த அன்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பவை அல்ல.

2022 மே மாதத்தில் இதே மகாராஷ்டிரத்தில், கோலாப்பூர் மாவட்டத்து ஹெர்வாட் என்ற சிற்றூரின் ஊராட்சி, கணவனை இழந்தவளின் வளையலை உடைப்பது, குங்குமத்தை அழிப்பது, தாலியை அறுப்பது ஆகிய சடங்குகளுக்குத் தடை விதித்துத் தீர்மானம் போட்டது. கொரோனாவில் வீட்டுக்கு வீடு சாவைக் கண்ட பிறகு வந்த தீர்மானம் அது. சில நாட்களிலேயே மாநில அரசு மற்ற ஊராட்சிகளும் அதைப் பின்பற்றலாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. ஒரு சிற்றூர் முடிவெடுத்துச் செய்ததை, படித்த நாம் நம் வீட்டு அளவில் செய்ய முடியாதா? சடங்கை நிறுத்துவது முதல் படி. அவள் இனி யாரோடு வாழ்வாள், அல்லது யாரோடும் வாழாமல் இருப்பாள் என்பதை அவளிடமே விடுவது அடுத்த படி. அந்த அடுத்த படியை இந்த அரங்கில் உள்ள குடும்பங்கள் எடுத்துவைக்கும் என்று நம்புகிறேன்.